கல்கத்தாவுக்கு மறுபடி போலாமா? (கடிதமும் பதிலும்)

வணக்கம் சார். சின்ன வயசுல அப்பா கல்கத்தாவுல வேலை பாத்தப்ப ஒரு முழுப்பரீட்சை லீவுக்கு நாங்கள்லாம் அங்க போயிருந்தோம். ட்ராம்ல ஜன்னலோரம் உக்காந்தது, ஹௌரா பாலம், மியூசியத்துல மம்மியப் பாத்து தம்பி அழுதது எல்லாம் அப்படியே ஞாபகம் இருக்கு. இப்ப அப்பா இல்ல. அம்மாவுக்கு இன்னொரு தடவை போய்ப் பாக்கணும்னு ஆசை. ரெண்டு நாள்தான் லீவு கிடைக்கும். ட்ராமையெல்லாம் நிறுத்திட்டாங்கன்னு சொல்றாங்க, பழைய நெனப்பும் போயிருமோன்னு பயமா இருக்கு. எதைப் பாக்கலாம், எதை விடலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க. ட்ராம் நிறைய ரூட்ல நின்னுபோச்சுங்கறது உண்மைதான். 1873ல குதிரை இழுத்து ஆரம்பிச்சு, 1902ல கரண்டுக்கு மாறி, அதுக்கப்புறமும் நூறு வருஷத்துக்கு மேல ஓடின வண்டி. புகையே இல்லாம போறத ட்ராஃபிக்குக்கு இடைஞ்சல்னு ஒதுக்கினது எனக்கு ஆறவே இல்ல. ஊர் நடுவுல இருக்கற எஸ்பிளனேட் ட்ராம் ஸ்டாண்டுல இறங்கி எது ஓடுதுன்னு கேட்டு அதுல ஏறிடுங்க, எங்க போகுதுன்னு கூட பாக்க வேண்டாம்.

லிஸ்ட் போட்டு ஓடாதீங்க. என்னைக் கேட்டா அங்க முதல்ல பாக்க வேண்டியது ஹூக்ளி ஆறுதான், அதை மூணு விதமா தாண்டிப் பாருங்க. விடியக்காலைல ஹௌரா பாலத்து மேல அம்மாவால முடிஞ்ச தூரம் நடங்க. 1943ல திறந்தது, சுமார் 26,500 டன் இரும்பு, நட்டு போல்ட்டே இல்லாம முழுக்க ரிவெட் அடிச்சுக் கட்டினது, ஆத்துக்குள்ள ஒரு தூண் கிடையாது. பாலம் முடியற இடத்துல கீழ மல்லிக் காட் பூச்சந்தை, செவந்தியும் சாமந்தியும் கயிறு கயிறா தலைச்சுமையில போயிட்டே இருக்கும், அங்க அவசரப்படவே கூடாது. அப்புறம் ஃபெர்ரில ஒரு தடவை, தண்ணில இருந்து அண்ணாந்து பாத்தாத்தான் அந்தப் பாலத்தோட பிரம்மாண்டம் புரியும். மூணாவது, ஆத்துக்கு அடியில மெட்ரோ. இந்தியாவோட முதல் மெட்ரோ 1984ல ஓடினது இந்த ஊர்லதான், ஆத்துக்கடியில 2024ல வந்துச்சு. தாண்டறதுக்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது, சுரங்கத்துல நீல லைட் தெரிஞ்சா தலைக்கு மேல ஆறு இருக்குன்னு அர்த்தம். அப்பா பாக்காத ஒண்ண அம்மா பாக்கட்டும்ங்க, பழசை மட்டும் தேடிட்டுப் போனா மனசு பாரமாயிரும்.

மியூசியத்த விடாதீங்க, தம்பியையும் முடிஞ்சா கூட்டிட்டு வாங்க! 1814ல ஆரம்பிச்சது. மம்மி இன்னும் அங்கதான் இருக்கு, ஆனா எனக்கு அதைவிட பர்ஹுத்ங்கற ஊர்ல இருந்த பழைய பௌத்த ஸ்தூபியோட கல் வேலிதான் உசத்தி, சிவப்புக் கல்லுல ஜாதகக் கதைய, அதாவது புத்தரோட முற்பிறவிக் கதைய, வட்ட வட்டமா செதுக்கியிருப்பாங்க, ஒவ்வொரு வட்டமா நின்னு பாக்கலாம். விக்டோரியா மெமோரியல சாயங்காலம் தோட்டத்துல உக்காந்து வெளிய இருந்து பாத்தாலே போதும். மார்பிள் பேலஸ் வேண்டாம், அதுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கணும்.

நேரம் இருந்தா ஷிப்பூர் தாவரவியல் பூங்கா போங்க. அங்க இருக்கற பெரிய ஆலமரத்தோட அடிமரம் பூஞ்சை பிடிச்சு 1925லயே வெட்டி எடுத்துட்டாங்க, ஆனா விழுதுகளே தாங்கி ஒரு காடு மாதிரி நிக்குது. நிழல் ஜாஸ்தி, அம்மா நல்லா உக்காந்துக்கலாம்.

திங்கக்கிழமை மியூசியமும் விக்டோரியா உள்பக்கமும் மூடியிருக்கும், அதைப் பாத்து டிக்கெட் போடுங்க.