பனிமலை தெரியும் அறையா, பனிமலை தெரியும் மாதமா?

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது. அம்மாவுக்கு 64, முழங்கால் வலி உண்டு. இமயமலையைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. உத்தராகண்டில் அல்மோரா பக்கம், பின்சார் காட்டுக்குள் தனியாக இருக்கும் ஒரு விடுதியைப் பார்த்து வைத்திருக்கிறேன். பிள்ளைகளின் மே மாத லீவில் இரண்டு இரவு தங்கலாம் என்று எண்ணம். பனிமலை பார்த்த அறைக்கு ஓர் இரவுக்கு 3,000 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? அந்த உயரம் அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளுமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: அந்த 3,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் இன்னோர் இரவு கூடுதலாகத் தங்குங்கள். முக்கியமாக, மே மாதம் வேண்டாம்.

பின்சாரிலிருந்து திரிசூல், நந்தா தேவி, பஞ்சசூலி ஆகிய பனிச் சிகரங்கள் எல்லாம் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் திரிசூலே நேர்க்கோட்டில் சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நடுவில் இருக்கும் அத்தனை காற்றும் தெளிவாக இருந்தால்தான் மலை தெரியும். ஏப்ரல், மே மாதங்களில் சமவெளிப் புழுதி மேலேறி வந்துவிடும். காய்ந்த பைன் சருகில் பற்றும் காட்டுத்தீயின் புகை வேறு. 2024 ஜூனில் பின்சார் காட்டுத்தீயில் வனத்துறைப் பணியாளர்கள் உயிரிழந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். மே மாதத்தில் மூன்று நாள் தங்கியும் ஒரு சிகரம்கூடப் பார்க்காமல் திரும்பிய குடும்பங்களை நான் அறிவேன். அதுவும் வயதானவர்களை அப்படி ஏமாற்றத்தோடு திரும்ப அழைத்து வருவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும்.

மழை கழுவிவிட்ட பிறகு, அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் முடிய, காற்று கண்ணாடி போல இருக்கும். பிள்ளைகளுக்காகப் பார்க்கிறீர்கள் என்றால் தீபாவளியை ஒட்டி நான்கு நாள் லீவு சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது கூட்டம் வரும், முன்கூட்டியே பதிவு செய்துவிட வேண்டும். டிசம்பர், ஜனவரியிலும் மலை அருமையாகத் தெரியும். ஆனால் அந்தக் குளிர் உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது.

இப்போது அறைக்கு வருவோம். பனிமலைகள் பின்சாருக்கு வடக்கே இருக்கின்றன. அதனால் மலை பார்த்த அறை என்றால் வடக்குப் பார்த்த அறை. குளிர்காலம் நெருங்கும்போது அந்த அறைக்குள் வெயிலே விழாது, நண்பகலிலும் தரை சில்லென்றிருக்கும். பெரியவர்களுக்குத் தெற்குப் பார்த்த, வெயில் விழும் அறையைக் கேளுங்கள். மலையை மொட்டைமாடியிலிருந்தோ முற்றத்திலிருந்தோ பார்த்துக்கொள்ளலாம். ஒரு விடுதியில் நானே கூடுதல் பணம் கட்டி அறை எடுத்தேன். திரையை விலக்கினால் ஜன்னல் நிறைய ஒரு தேவதாரு மரம்! அன்றிலிருந்து, முற்றத்திலிருந்து மலை தெரிகிறதா என்று முதலில் கேட்டு, அங்கேயே நின்று எடுத்த படத்தை அனுப்பச் சொல்கிறேன்.

எழும் நேரமும் முக்கியம். நவம்பரில் அங்கே ஆறரை மணி வாக்கில் சூரியன் உதிக்கும். அதற்கு அரைமணி முன்பே அப்பாவைக் கம்பளியோடு ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிடுங்கள். முதலில் எல்லாம் சாம்பல் நீலமாக, அட்டையில் வெட்டி ஒட்டியது போல இருக்கும். பிறகு உயரமான நந்தா தேவியின் நுனியில் மட்டும் செம்புத் துளி போல ஒரு நிறம் வரும். 7,816 மீட்டர் ஆயிற்றே! அது மெல்ல வழிந்து திரிசூலின் மூன்று முனைக்கும் பரவும். காலை பத்து, பதினொன்றுக்குள் பள்ளத்தாக்கின் ஈரம் மேகமாகத் திரண்டு மலையை மூடிவிடுவதும் உண்டு. மூன்று இரவு தங்கினால் மூன்று விடியல் கிடைக்கும். ஒன்று மேகத்தில் போனாலும் மற்றது கைகொடுக்கும்.

உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பின்சார் சுமார் 2,400 மீட்டர். நம் ஊட்டி 2,240. தொட்டபெட்டா பின்சாரைவிட உயரம். அப்பா ஊட்டியில் சௌகரியமாக இருந்தவர் என்றால் இங்கேயும் இருப்பார். இதய நோய் அல்லது மூச்சுத்திணறல் உண்டென்றால் மட்டும் அவருடைய டாக்டரைக் கேட்டுவிடுங்கள்.

எனக்கு உண்மையான கவலை அம்மாவின் முழங்கால்தான். பின்சார் காடு வனவிலங்குச் சரணாலயம். அதற்குள் சில வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் வண்டி போகாது. சாலை முடிகிற இடத்திலிருந்து எவ்வளவு நடை, எத்தனை படி, கழிப்பறை வெஸ்டர்னா என்று போனிலேயே கேளுங்கள். "கொஞ்ச தூரம்தான்" என்று மலைக்காரர்கள் சொன்னால் நம்பாதீர்கள், நிமிடக் கணக்கில் சொல்லச் சொல்லுங்கள். மின்சாரமும் அப்படித்தான். காட்டுக்குள் பல இடங்களில் சோலார், ஜெனரேட்டர்தான். இரவில் ஹீட்டர் ஓடாது. படுக்கைக்குள் வைத்துக்கொள்ள ரப்பர் வெந்நீர்ப் பை இரண்டு எடுத்துப் போங்கள்.

டெல்லியிலிருந்து மலையடிவார ரயில் நிலையமான காத்கோதாமுக்கு இரவு ரயிலில் போவது நல்லது. விடியற்காலை இறங்கினால் நான்கு, ஐந்து மணி நேரக் கார்ப் பயணத்தை வெளிச்சத்திலேயே முடித்துவிடலாம். நவம்பரில் ஐந்தேகாலுக்கே பொழுது சாய்ந்துவிடும், மலைப்பாதையில் இருட்டில் போகவே கூடாது. சனி, ஞாயிறு என்றால் வழியில் இருக்கும் கைஞ்சி தாம் ஆசிரமக் கூட்டத்தில் வண்டி மணிக்கணக்கில் நிற்கும், அதனால் வார நாளில் போங்கள்.

சாப்பாடு அப்பா அம்மாவுக்குப் பழகியதாகவே இருக்கும். அங்கே கஹத் என்பது நம் கொள்ளு, மண்டுவா என்பது கேழ்வரகு. மண்டுவா ரொட்டியில் நெய் தடவிக் கேட்டு வாங்குங்கள். அப்புறம், இருட்டிய பிறகு யாரும் வளாகத்தைத் தாண்ட வேண்டாம், சிறுத்தை நடமாடும் காடு அது. அல்மோராவைத் தாண்டினால் ஏடிஎம், மருந்துக்கடை எதையும் நம்ப முடியாது. சரணாலய வாசலில் கட்டணமும் கட்ட வேண்டியிருக்கும். ரொக்கத்தையும், அப்பாவின் மாத்திரைகளை நாலைந்து நாளுக்குக் கூடுதலாகவும் வைத்துக்கொண்டு மேலே ஏறுங்கள்.