'ஒண்ணும் வேண்டாம்' என்கிறார் நண்பர்

கேள்வி: திருச்சியில் பதினைந்து வருடமாகக் காலையில் சேர்ந்து நடக்கும் நால்வர் நாங்கள். எங்களில் ஒருவருக்கு (வயது 62, சர்க்கரை உண்டு) பைபாஸ் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. மனைவி காலமாகிவிட்டார். துபாயிலிருந்து வந்திருக்கும் மகன் அடுத்த வாரம் கிளம்புகிறார். தினமும் சாயங்காலம் மூவரும் போய்ப் பார்க்கிறோம். என்ன வேணும் என்று கேட்டால் 'ஒண்ணும் வேண்டாம்' என்கிறார். சரியாகச் சாப்பிடுவதில்லை. ஒருநாள் காரணமில்லாமல் அழுதுவிட்டார். நாங்கள் போவது தொந்தரவா? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? எப்போது நடைக்கு அழைத்து வரலாம்?

பதில்: நீங்கள் போவது தொந்தரவே இல்லை. ஆனால் மூவரும் ஒன்றாகப் போவதை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள். மூன்று பேர் வந்து உட்கார்ந்தால் அவர் எழுந்து சட்டை மாட்ட வேண்டும், சிரிக்க வேண்டும், ஆபரேஷன் கதையை மறுபடியும் சொல்ல வேண்டும். அரை மணி நேரத்தில் ஆள் துவண்டுவிடுவார். ஆளுக்கொரு நேரமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சளி, இருமல் இருப்பவர் அன்று போனிலேயே பேசிக்கொள்ளட்டும்.

'என்ன வேணும்?' என்ற கேள்விக்கு நம் ஊரில் 'ஒண்ணும் வேண்டாம்' என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. வாய்விட்டுக் கேட்க யாருக்கும் கூச்சம்தான். அதனால் கேட்காதீர்கள். 'நாளைக்கு ஏழு மணிக்கு நான் வரேன், இட்லி கொண்டாரேன், மாத்திரையை எடுத்து வச்சுட்டுப் போறேன்' என்று சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்பதற்கு அதில் இடமிருக்காது.

முதல் வேலை மாத்திரை. மகன் கிளம்புவதற்குள் உங்களில் ஒருவர் டிஸ்சார்ஜ் சம்மரியையும் வீட்டிலிருக்கும் மொத்த மாத்திரைகளையும் மேஜைமேல் பரப்பிக்கொண்டு அவரோடு உட்காருங்கள். நான் அடிக்கடி பார்க்கும் சிக்கல் ஒன்று உண்டு. பிரஷருக்கும் சர்க்கரைக்கும் ஏற்கெனவே போட்டுவந்த பழைய அட்டைகள் ஃப்ரிட்ஜ் மேல் டப்பாவில் இருக்கும். ஆஸ்பத்திரியில் அதே மருந்தை வேறு கம்பெனிப் பெயரில் கொடுத்திருப்பார்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டுவிட்டுத் தலைசுற்றி விழுந்தவர்கள் உண்டு. பெரிய எழுத்துப் பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். குழப்பமாக இருந்தால் எல்லா அட்டைகளையும் போட்டோ எடுத்து ஆபரேஷன் செய்த இடத்துக்கு அனுப்பிக் கேளுங்கள். ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையை அவராக நிறுத்தக் கூடாது. வலி என்றதும் நீங்கள் அன்பாக மெடிக்கலில் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வாங்கிக் கொடுத்துவிடவும் கூடாது. பைபாஸ் ஆனவருக்கு அவை ஆகாது.

அடுத்தது அவர் நாற்காலியிலிருந்து எழுவதைப் பாருங்கள். பைபாஸில் நடு நெஞ்செலும்பை நீளவாக்கில் பிளந்து, வேலை முடிந்ததும் கம்பி போட்டுக் கட்டியிருப்பார்கள். அது ஒட்ட ஆறு முதல் எட்டு வாரம், முழு பலம் வர சுமார் மூன்று மாதம் ஆகும். தாழ்வான சோஃபாவிலிருந்து இரண்டு கையையும் ஊன்றி எம்பினால் அந்தப் பாரமெல்லாம் நெஞ்செலும்பில்தான் இறங்கும். உயரமான மர நாற்காலி ஒன்றைக் கொண்டுபோய்ப் போடுங்கள். நுனிக்கு நகர்ந்து, கைகளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, காலால் எழ வேண்டும். இதில் நண்பர்கள் செய்யும் தப்பு, 'பார்த்து, பார்த்து' என்று கையைப் பிடித்து இழுப்பது, அக்குளில் கைகொடுத்துத் தூக்குவது. வேண்டவே வேண்டாம். முதுகில் கைவைத்துத் தாங்கினால் போதும். இருமும்போதும் தும்மும்போதும் ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளட்டும். தண்ணீர்க் குடம், அரிசிப்பை, இறுகிப்போன இரும்பு கேட் எல்லாம் உங்கள் பாடு. இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் அவர் தூக்க வேண்டாம்.

உள்ளே மூன்று பந்து இருக்கும் பிளாஸ்டிக் மூச்சுக் கருவி ஒன்றைக் கொடுத்தனுப்பியிருப்பார்கள். அநேகமாக அது ஷோகேஸில் இருக்கும்! விழித்திருக்கும்போது மணிக்கொரு தரம் பத்துத் தடவை இழுத்தால் நுரையீரலில் சளி தங்காது. நீங்கள் இருக்கும்போது ஒரு சுற்று இழுக்கச் சொல்லுங்கள்.

அழுகைக்கு வருகிறேன். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு முதல் சில வாரங்களில் மனம் இறங்கிப்போவது மிகச் சாதாரணம். தூக்கம் கெட்டிருக்கும், வாய்க்கு ருசி தெரியாது, யார் கையையாவது எதிர்பார்த்துத்தான் குளிக்க வேண்டியிருக்கும். 'தைரியமா இருப்பா' என்று சொல்லாதீர்கள். கோழைத்தனத்தால் யாரும் அழுவதில்லை. 'எங்க மாமா ஒருத்தருக்கும் இப்படித்தான் ஆபரேஷன் பண்ணாங்க, அப்புறம்...' என்று ஆரம்பிக்கும் நண்பரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பேப்பர் படித்துக் காட்டுங்கள், கிரிக்கெட் பாருங்கள், சும்மா உட்கார்ந்திருந்தாலும் போதும். இந்தச் சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 'நான் எதுக்கு இருக்கணும்' என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும், தனியாக விடவும் கூடாது. 14416 என்ற அரசின் இலவச மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம். மகன் போனபின் முதல் ஒன்றிரண்டு வாரமாவது இரவில் முறைவைத்து ஒருவர் அங்கே படுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை கொடுங்கள். முட்டை வெள்ளை, பருப்பு, மீன் குழம்பு போன்றவை புண் ஆற உதவும். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் வேண்டாம். பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக அடுக்கியிருப்பார்கள். சர்க்கரை ஏறினால் நெஞ்சுப் புண் ஆறாது. அந்த ஹார்லிக்ஸ் பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் போகட்டும்.

நெஞ்சின் இடப்பக்கம் மரத்தாற்போல் இருப்பதும், பைபாஸுக்காக ரத்தக்குழாய் எடுத்த கால் சாயங்காலத்தில் வீங்குவதும் பெரும்பாலும் தானே சரியாகும். ஆனால் புண்ணில் சீழ், சிவப்பு, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், அசையும்போது நெஞ்செலும்பு 'கடக்' என்று நகர்வது, கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும், ஒரே நாளில் ஒரு கிலோ எடை கூடுவது ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். இதற்காகவே தினமும் காலையில், டிபனுக்கு முன் எடை பார்த்து நாட்காட்டித் தாளில் குறித்துவையுங்கள். நெஞ்சை அழுத்தும் வலி, படுக்க முடியாத மூச்சுத்திணறல், மயக்கம், வாய் கோணுவது, படபடவென்று ஒழுங்கில்லாமல் நெஞ்சு அடிப்பது என்றால் யாரையும் கேட்க வேண்டாம், 108.

நடைக்கு எப்போது என்று கேட்டீர்கள். இன்றைக்கே நடக்கலாம், ஆனால் உங்கள் மைதானத்துக்கு வந்து அல்ல, அவர் வீட்டுத் தெருவில். வெயில் ஏறுவதற்குமுன் ஐந்து நிமிடம், சாயங்காலம் ஐந்து நிமிடம். இரண்டு நாளைக்கு ஒரு நிமிடம் கூட்டுங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும், மூச்சு வாங்கினால் உட்கார வேண்டும். இதை உங்களில் ஒருவர் கூடவே நடந்து செய்யுங்கள். ஆறாவது வாரப் பரிசோதனையில் மருத்துவர் சரி என்றால் மைதானத்துக்கு அழைத்து வாருங்கள். அதுவும் ஆட்டோவில். 'நான் பார்த்து ஓட்டுறேன், பின்னாடி உட்காரு' என்று யாரும் ஸ்கூட்டரை எடுக்க வேண்டாம். நம் ரோட்டுப் பள்ளங்கள் கம்பி போட்ட நெஞ்செலும்புக்கு இன்னும் மூன்று மாதத்துக்கு ஆகாது.