முன்னோடிக் குடியேறிகளின் தீவுக் காணியை விற்கும்போது

கேள்வி: கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலுள்ள லாஸ்கீட்டித் தீவில் என் கணவரின் பூட்டனார் காடு வெட்டித் திருத்திய காணியில் எஞ்சியிருக்கும் 40 ஏக்கர், மாமியாரின் மறைவுக்குப் பின் எங்களுக்கு வந்திருக்கிறது. கையால் செதுக்கிய மரங்களால் ஆன பழைய வீடு, ஆப்பிள் மரங்கள், ஆட்டுப்பட்டி, சிறிய இறங்குதுறை ஆகியவை அதில் உள்ளன. ‘முன்னோடிக் குடும்பத்தின் பாரம்பரிய இல்லம்’ என்று விளம்பரம் செய்தால் நல்ல விலை கிடைக்கும் என்று முகவர் ஒருவர் சொல்கிறார். நாங்கள் முதலில் செய்ய வேண்டியது என்ன? (வாசகி, நனைமோ)

பதில்: விளம்பர வாசகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் அந்தக் காணியில் வாய்மொழியாக நடந்துவரும் ஏற்பாடுகள் எவை என்று உங்கள் கணவரோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். முன்னோடிக் குடும்பங்களின் காணிகளில் பெரும் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பக்கத்துக் காணியின் ஊடாகப் போகும் பாதை, மேட்டு நிலத்து ஊற்றிலிருந்து வரும் குழாய், கரைக்கு இறங்கும் வழி எல்லாம் இரண்டு தலைமுறைக்கு முன் அயலவர்கள் ஒருவரை ஒருவர் நம்பிச் செய்துகொண்டவையாக இருக்கும். நெடுங்காலம் நடந்து பழகியதாலேயே பாதை உரிமை வந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் காணி உரிமைச் சட்டம் அத்தகைய அனுபவ உரிமையை ஒழித்துவிட்டது. பதிவேட்டில் ஏறிய வழியுரிமையே வாங்குபவருக்குச் செல்லும். எனவே அயலவரோடு உறவு நன்றாக இருக்கும்போதே, வழக்கறிஞர் ஒருவரையும் நில அளவையாளரையும் கொண்டு பாதையையும் குழாயையும் முறையாகப் பதிந்துகொள்ளுங்கள். காணி விற்பனைக்கு வந்துவிட்டது என்று தெரிந்த பிறகு அதே கையெழுத்தைக் கேட்டால், அதற்கு ஒரு விலை வைக்கப்படலாம்.

இறங்குதுறையையும் இப்போதே விசாரியுங்கள். உங்கள் எல்லை இயற்கையான கரைக்கோட்டோடு முடிகிறது. அதற்குக் கீழே, அலை ஏறி இறங்கும் நிலம் பொதுவாக அரசுடையது. துறை தாத்தா காலத்தில் கட்டப்பட்டது என்பது அனுமதி ஆகாது. அனுமதி இல்லாத துறையை ‘சொந்த இறங்குதுறை’ என்று விளம்பரத்தில் எழுதவே கூடாது.

குடும்பக் கதைக்கு மதிப்பு உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அதை ஆவணத்தோடு சொல்லுங்கள். 1860 முதல் இந்த மாகாணத்தில் குடியேறிகள் அளக்கப்படாத அரசு நிலத்தில் 160 ஏக்கர் வரை கோரிக் குடியிருந்து, நிலத்தைத் திருத்திக் காட்டிய பின்னரே அரசின் உறுதியை, அதாவது நில உரிமைப் பத்திரத்தை, பெற்றார்கள். அந்த முறை 1970இல்தான் முடிவுக்கு வந்தது. கோரிக்கைப் பதிவுகள் விக்டோரியாவிலுள்ள மாகாண ஆவணக் காப்பகத்திலும், அரசு உறுதியின் படி காணிப் பதிவு அமைப்பிடமும் கிடைக்கும். பூட்டனாரின் பெயரும் ஆண்டும் உள்ள அந்தத் தாளை வாங்குபவர் கையில் கொடுப்பது எந்த வருணனையையும் விட வலுவானது. அதை முழுவதும் படியுங்கள்: இத்தகைய பழைய உறுதிகள் பலவற்றில் கனிமங்களும், சாலை போன்ற பொதுத் தேவைக்காக நிலத்தில் இருபதில் ஒரு பங்கு வரை திரும்ப எடுக்கும் உரிமையும் அரசிடமே வைக்கப்பட்டிருக்கின்றன. ‘பாரம்பரிய இல்லம்’ என்ற சொல்லை, அரசோ உள்ளூர் ஆட்சியோ முறைப்படி அப்படி அறிவித்திருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

பூட்டனார் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்தக் கரையில் மக்கள் வாழ்ந்தார்கள். கரை அரிக்கப்பட்ட இடத்தில் கரிய மண்ணுக்குள் நொறுங்கிய வெள்ளைச் சிப்பி ஓடுகள் அடுக்காகத் தெரிந்தால், அது பழங்குடியினரின் குடியிருப்புத் தடமாக இருக்கலாம். 1846க்கு முந்தைய தொல்லியல் இடங்கள் தனியார் காணியில் இருந்தாலும் சட்டப் பாதுகாப்பு உடையவை. அனுமதியின்றி அங்கே தோண்ட முடியாது. மாகாணத் தொல்லியல் துறையிடம் உங்கள் காணி குறித்த தகவலை முன்கூட்டியே கேட்டுப் பெற்று, உள்ளதை உள்ளபடி எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். மறைத்து விற்றால் வழக்கு உங்கள் வீட்டு வாசலுக்கு வரும்.

விலையைப் பொறுத்தவரை, வான்கூவர் தீவிலுள்ள பிரெஞ்ச் கிரீக்கிலிருந்து லாஸ்கீட்டிக்குச் செல்லும் படகு ஆட்களை மட்டுமே ஏற்றும், வாகனங்களை ஏற்றாது. தீவுக்கு மாகாண மின்கம்பியும் கிடையாது. வங்கிகள் இத்தகைய காணிக்குக் கடன் தரத் தயங்குவதால் வாங்கக்கூடியவர்களின் வட்டம் சிறியது. வான்கூவர் விலைகளோடு ஒப்பிடாமல், தீவுக் காணிகளை மதித்துப் பழகிய மதிப்பீட்டாளரை அமர்த்துங்கள்.

அவரிடம் மாமியார் இறந்த நாளன்று இருந்த சந்தை மதிப்பையும் கேட்டு வாங்குங்கள். வரிச் சட்டத்தின்படி மாமியார் அன்றே காணியை விற்றதாகக் கொள்ளப்படும். உங்கள் ஆதாயம் அந்த மதிப்பிலிருந்தே கணக்கிடப்படும். அது அவருடைய முதன்மை வசிப்பிடமாக இருந்தாலும், வரிவிலக்கு பொதுவாக வீட்டுக்கும் அரை ஹெக்டேர் நிலத்துக்குமே கிடைக்கும். மீதி ஏக்கர்களும் அங்கே வசிப்பதற்கு அவசியமாக இருந்தன என்று காட்டினால்தான் விலக்கு நீளும். இதைக் கணக்காளரிடம் பேசாமல் விலை சொல்லாதீர்கள்.

கேள்வி: இத்தகைய தீவு வீடு ஒன்றை வாங்க விரும்புகிறேன். ஒப்பந்தம் செய்த பிறகு மனம் மாறினால் விலக முடியும் என்பது உண்மையா? (வாசகர், பேர்னபி)

பதில்: உண்மைதான். 2023 ஜனவரி 3 முதல், குடியிருப்பு வீடு வாங்குபவர், ஒப்பந்தம் ஏற்கப்பட்ட பின் 3 வேலை நாட்களுக்குள் விலகலாம்; ஆனால் விலையில் 0.25 சதவீதத்தை விற்பவருக்குக் கொடுக்க வேண்டும். 6 லட்சம் டாலர் வீட்டுக்கு அது 1,500 டாலர். படகுக்குக் காத்திருந்து போய்வர வேண்டிய தீவில் எதையும் சரிபார்க்க 3 நாட்கள் போதாது. ஆகையால் கிணற்று நீர்ப் பரிசோதனை, கழிவுநீர்த் தொட்டியின் பதிவு, விறகு அடுப்பின் பரிசோதனைச் சான்றிதழ், காப்புறுதி நிறுவனத்தின் எழுத்து மூலமான சம்மதம் ஆகிய நான்கையும் ஒப்பந்தத்திலேயே நிபந்தனைகளாகச் சேர்த்து, அவற்றுக்குக் குறைந்தது மூன்று வார அவகாசம் கேளுங்கள்.