மூன்று நிமிட ஆட்டம், மூவாயிரம் தடவை

கேள்வி: நான் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வெளிக்கள உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். வயது 34. இரண்டு வருடங்களாகக் கைபேசியில் சதுரங்கம் ஆடுகிறேன். ஆளுக்கு மூன்று நிமிடம் வைத்து ஆடும் ஆட்டங்கள் மூவாயிரத்தைத் தாண்டிவிட்டன, ஆனால் என் புள்ளி 1150ஐச் சுற்றியே நிற்கிறது. சென்ற மாதம் நுவரெலியாவில் நடந்த ஒரு போட்டிக்குப் போய், தரம் எட்டில் படிக்கும் சிறுமியிடம் அரைமணி நேரத்தில் தோற்றேன். குகேஷ் ஏழு வயதில் தொடங்கிப் பன்னிரண்டு வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார் என்கிறார்கள். நன்றாக ஆட உண்மையில் எத்தனை வருடம் வேண்டும்? நான் பிந்திவிட்டேனா? வேலை முடிந்து தினமும் ஒரு மணித்தியாலம் ஒதுக்க முடியும், மழைநாளில்தான் சிக்னல் போய்விடுகிறது. கண்டியில் ஒருவரிடம் காசு கட்டிப் பழகலாமா? என் ஆட்டங்கள் ஆறின் குறிப்பை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

ஆட்டக் குறிப்புகளை அனுப்பியதற்கு முதலில் நன்றி. இந்தப் பகுதிக்கு எழுதுகிறவர்களில் பலர் தம் துயரத்தை மட்டுமே அனுப்புவார்கள். நீங்கள் சான்றையும் சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள். ஆறு ஆட்டங்களையும் பலகையில் அடுக்கிப் பார்த்தேன். அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், ஏனெனில் உங்கள் கேள்விக்கான பதில் பெரும்பாலும் அவற்றுக்குள்தான் இருக்கிறது.

"நன்றாக" என்ற சொல்லை யாரை வைத்து அளப்பது என்பதை நீங்கள் எழுதவில்லை. சதுரங்கப் புள்ளி என்பது உயரத்தையோ நிறையையோ போலத் தனியே நிற்கும் அளவல்ல. எதிரில் இருப்பவரோடு ஒப்பிட்டு மட்டுமே அதற்குப் பொருள் உண்டு. உங்களைவிட 200 புள்ளி கூடிய ஒருவர் உங்களோடு நூறு ஆட்டம் ஆடினால், ஏறக்குறைய 76 வெற்றிக்குச் சமமான ஆட்டப் புள்ளியை (வெற்றிக்கு ஒன்று, சமநிலைக்கு அரை) அவர் எடுப்பார் என்பதே அந்தக் கணக்கு. ஆகவே நீங்கள் முன்னேறும் அதே வேளையில் உங்களோடு ஆடுகிற எல்லோரும் முன்னேறினால், உங்கள் எண் அசையாமலே நிற்கும். அது உங்கள் ஆட்டம் தேங்கிவிட்டது என்பதற்குச் சான்றாகாது. கைபேசியில் தெரியும் 1150ஐச் சர்வதேச சம்மேளனமான ஃபிடேயின் எண்ணோடு ஒப்பிட்டு மனம் நொந்துகொள்ளவும் வேண்டாம். இரண்டும் வெவ்வேறு தராசுகள். 2024 மார்ச் முதல் ஃபிடேயின் பட்டியலில் 1400க்குக் கீழே எண்ணே கிடையாது.

இனி வருடக் கணக்குக்கு வருவோம். உளவியல் ஆய்வாளர்களான ஹேர்பட் சைமனும் வில்லியம் சேஸும் 1973இல் சதுரங்கத்தைப் பற்றி எழுதியபோது, உச்சநிலைக்குப் போக ஏறக்குறைய பத்து வருடத் தீவிர ஈடுபாடு வேண்டும் என்றார்கள். பிற்பாடு, 2007இல், ஆர்ஜென்டினாவின் ஆட்டக்காரர்களை ஆராய்ந்த கோபேயும் காம்பிதேலியும் வருடத்தை விட்டு மணித்தியாலத்தைக் கணக்கெடுத்தார்கள். 2200 புள்ளி என்ற மாஸ்டர் நிலையை எட்டியவர்களுக்குச் சராசரியாக 11,000 மணித்தியாலம் பிடித்திருந்தது. அவர்களில் மிக விரைவாக எட்டியவருக்கு 3,000 மணித்தியாலமே போதுமாக இருந்தது. மிகவும் பிந்தியவருக்கு 23,000க்கு மேல் தேவைப்பட்டது. ஒரே ஆட்டம், ஒரே நாடு, ஆனால் இடைவெளி ஏறக்குறைய எட்டு மடங்கு. இதைப் படித்த பிறகு, "இத்தனை வருடம்" என்று ஒற்றை எண் சொல்லும் எவரையும் நான் நம்புவதில்லை.

வேலை முடிந்து தினமும் ஒரு மணித்தியாலம் ஒதுக்க முடியும் என்று எழுதியிருக்கிறீர்கள். தொழிலாளர்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் விடியற்காலையிலேயே நிற்க வேண்டிய மனிதருக்கு அது சிறிய காரியமல்ல. வருடத்துக்கு 300 மணித்தியாலம் என்று வைத்தால், அந்தச் சராசரிப்படி மாஸ்டர் ஆக முப்பத்தாறு வருடத்துக்கு மேல் செல்லும். எனவே அந்தக் கனவை இங்கேயே இறக்கி வைத்துவிடலாம். குகேஷின் கதையும் இதே கணக்குத்தான். நான்காம் வகுப்போடு முழுநேரப் பள்ளிக்கூடத்தை நிறுத்தி, நாள் முழுவதையும் பலகைக்குக் கொடுத்த பிள்ளை அவர். 2019 ஜனவரியில் கிராண்ட்மாஸ்டரானார், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில், 18 வயதில், உலகப் பட்டம் வென்றார். அவருடைய ஐந்து வருடத்தையும் உங்களுடைய ஐந்து வருடத்தையும் ஒரே நாட்காட்டியில் வைத்துப் பார்ப்பது உங்களுக்கு நீங்களே செய்துகொள்ளும் அநியாயம்.

ஆனால் நீங்கள் கேட்பது மாஸ்டர் பட்டத்தையல்ல என்றே நினைக்கிறேன். அந்தச் சிறுமியோடு அடுத்த முறை சரிக்குச் சரி உட்கார வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை. அதற்கு இரண்டு அல்லது மூன்று வருடம் என்பது என் கணிப்பு; பாடசாலையில் பதினெட்டு வருடம் சதுரங்கக் கழகத்தை நடத்திய அனுபவத்தைத் தவிர இதற்கு வேறு ஆதாரம் என்னிடம் இல்லை. நானே பலகையை முதன்முதலில் தொட்டது 22 வயதில்தான். அந்தக் கணிப்புக்கும் ஒரு நிபந்தனை உண்டு. இதுவரை செலவழித்ததைப் போலவே இனிமேலும் செலவழித்தால் மூன்று வருடமல்ல, பத்து வருடமும் போதாது.

மூவாயிரம் ஆட்டம், ஆட்டம் ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்றாலே 250 மணித்தியாலம் ஆகிறது. இந்த 250 மணித்தியாலத்தில் தோற்ற ஆட்டமொன்றைத் திரும்ப அடுக்கிப் பார்க்க எத்தனை மணித்தியாலம் செலவிட்டீர்கள்? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆட்டக்காரர்களை ஆராய்ந்தவர்களில் நீல் சார்னஸும் அவருடைய குழுவும் 2005இல் கண்டது இதைத்தான்: ஒருவருடைய பலத்தைத் தீர்மானிப்பதில் போட்டி ஆட்டங்களைவிடத் தனியே உட்கார்ந்து படித்த நேரமே முந்தி நிற்கிறது.

உங்கள் மூன்றாவது ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். பதினான்காவது நகர்த்தல். உங்கள் ராஜாவுக்கு அருகே நின்ற குதிரை, ராஜாவுக்கு முன்னால் இருந்த ஓரக் காலாளைக் காத்துக்கொண்டிருந்தது. எதிரியின் ராணியும், அதன் பின்னால் மந்திரியும் ஒரே சாய்கோட்டில் நின்று அந்தக் காலாளையே பார்த்துக்கொண்டிருந்தன. நீங்கள் எதிரியின் பக்கம் ஒரு தாக்குதலைக் கண்டு குதிரையை முன்னே பாய்ச்சினீர்கள். ராணி இறங்கிக் காலாளை வெட்டியது, மேட். குதிரை போகிற இடத்தைப் பார்த்தீர்கள், அது விட்டுப் போகிற இடத்தைப் பார்க்கவில்லை. ஐந்தாவது ஆட்டத்தில் கோட்டையை இழந்ததும் இதே பிழையால்தான், ஆறாவதிலும் அப்படியே. ஆறில் நான்கு தோல்விகள். அந்த நான்கில் மூன்று, காவல் காத்து நின்ற காயை வேலையிலிருந்து எழுப்பியதால் வந்தவை. உங்கள் மூவாயிரம் ஆட்டங்களில் இந்த ஒரே பிழை எத்தனை நூறு தடவை நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மூன்று நிமிட ஆட்டம் பிழையைத் திருத்துவதில்லை, அதைக் கைப்பழக்கமாக்கிவிடுகிறது.

தேர்ந்த ஆட்டக்காரருக்கு இது எப்படி உடனே தெரிகிறது என்று கேட்பீர்கள். சேஸும் சைமனும் ஒரு சோதனை செய்தார்கள். உண்மையான ஆட்டத்தின் நடுவிலிருந்து ஒரு நிலையை ஐந்து விநாடி காட்டி மறைத்தால், மாஸ்டர் பதினாறு காய்கள் வரை சரியாக வைத்தார். புதியவரால் நான்கைத்தான் வைக்க முடிந்தது. அதே காய்களைத் தாறுமாறாகச் சிதறி வைத்துக் காட்டியபோது மாஸ்டரின் நினைவும் புதியவருடையதைப் போலவே ஆகிவிட்டது. ஆக, பெரிய ஞாபகசக்தி என்று ஒன்று அங்கே இல்லை. பழகிய வடிவங்கள் கண்ணில் ஊறியிருக்கின்றன, அவ்வளவுதான். நீங்கள் தினமும் மலையில் பார்ப்பதுதான் இது. புதிதாக வந்த பெண் ஒவ்வொரு தளிராகத் தேடுகிறாள். இருபது வருடம் கொழுந்து எடுத்த அம்மா பக்கத்து நிரைக்காரியோடு கதைத்துக்கொண்டே இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிப் போடுகிறார். முப்பத்து நான்கு வயதுக் கண்ணுக்கும் இந்தப் பழக்கம் வரும், பிள்ளைகளைவிட மெதுவாக வரும்.

எனவே மூன்று நிமிட ஆட்டத்தை ஆறு மாதத்துக்கு நிறுத்துங்கள். வாரத்துக்கு இரண்டு ஆட்டம், ஆளுக்கு முப்பது நிமிடம் வைத்து ஆடுங்கள். மற்ற நாட்களில் அந்த இரண்டையும் கணினியின் உதவி இல்லாமல் பலகையில் பிரித்துப் பாருங்கள். ஓர் அப்பியாசக் கொப்பியில், தோற்ற ஆட்டம் ஒன்றுக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள்: எந்தக் காய், எதைக் காத்துக்கொண்டிருந்தது, நான் ஏன் எடுத்தேன். மழைநாளில் சிக்னல் போய்விடுகிறது என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். அந்த மாலைகளை இறுதிநிலை ஆட்டத்துக்கு வையுங்கள், அதற்குப் பலகை போதும். ராஜாவும் ஒரு காலாளும் தனி ராஜாவுக்கு எதிராக எப்போது வெல்லும், எப்போது சமநிலையாகும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு வருடம் ஆடியிருக்கிறீர்கள். உங்கள் இரண்டாவது ஆட்டத்தில் அரைப் புள்ளியை அங்கேதான் விட்டீர்கள்.

இப்படி மாறியதும் முதலில் உங்கள் புள்ளி இறங்கும். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெட்டிய மலையில் சில மாதம் கொழுந்து கிடையாது, குச்சிதான் தெரியும், அதற்காக எந்தத் தோட்டத்திலும் கத்தியைத் தூக்கிப் போடுவதில்லை.

கண்டி ஆசிரியரைப் பற்றி: இப்போது வேண்டாம். பஸ்ஸுக்கும் கட்டணத்துக்கும் போகும் பணத்தில் நல்ல மரப்பலகை ஒன்று வாங்குங்கள். கொப்பியில் ஐம்பது வரி சேர்ந்த பிறகு, அதே பிழை இன்னும் திரும்பத் திரும்ப வந்தால், அந்தக் கொப்பியோடு அவரிடம் போகலாம்.

அந்தச் சிறுமி வரும் போட்டிகளிலும் இருப்பாள். மறுபடி தோற்றால், கைகொடுத்துவிட்டு உடனே எழுந்து போய்விடாதீர்கள். காய்களைத் திரும்ப அடுக்கி, ஆட்டம் எந்த இடத்தில் கைவிட்டுப் போனது என்று அவளிடமே கேளுங்கள். எங்கள் கழகப் பிள்ளைகளிடம் நான் கேட்டபோதெல்லாம், "சேர், இங்கதான்" என்று விரலை வைத்துக் காட்ட அவர்கள் ஒருபோதும் தயங்கியதில்லை.