தோட்டத்து லேண்ட் ரோவரை வாங்கலாமா? வாசகர் வினா விடை

வினா: நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் கொட்டகையில், ஒரு காலத்தில் கொழுந்தும் உரமூட்டையும் ஏற்றிய லேண்ட் ரோவர் பிக்கப் ஒன்று பல ஆண்டுகளாக ஓடாமல் நிற்கிறது. முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே 109 அங்குலம் உள்ள நீள வகை, 1960களில் இங்கிலாந்திலிருந்து வந்தது என்கிறார்கள். விற்பவர், “எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறது, புத்தகத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம்” என்கிறார். வாங்கலாமா? வாங்கினால் கொழும்பில் திருத்த வேலையை எங்கிருந்து தொடங்குவது?
— வாசகர், வெள்ளவத்தை

விடை: விற்பவர் சொல்லும் வரிசையை நீங்கள் தலைகீழாக வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வண்டியில் மிக எளிதாகச் சரிசெய்யக்கூடியது எஞ்சின்; அதைவிடக் கடினமானது அடிச்சட்டம் (சேசிஸ்); பணம் இருந்தும் சில வேளைகளில் சரிசெய்ய முடியாமற் போவது பதிவுப் புத்தகம். ஆகவே முதலில் புத்தகம், அடுத்து அடிச்சட்டம், கடைசியாக எஞ்சின் என்ற ஒழுங்கில் பாருங்கள்.

தோட்டத்து வண்டிகளுக்கு உரிமைச் சிக்கல் ஏன் அதிகம் என்பதற்கு மலையகத்தின் வரலாறே காரணம். 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. பின்னர் அவை ஜனவசம எனப்படும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகியவற்றின் கீழ் இயங்கின. 1992 இல் அவற்றின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. காணி கைமாறிய ஒவ்வொரு முறையும் கொட்டகையில் நின்ற வண்டியின் பெயரையும் யாரோ ஒருவர் மாற்றியிருப்பார் என்று எண்ணிவிடக் கூடாது. பதிவேட்டில் உரிமையாளராக இருப்பது இன்று இல்லாத ஓர் ஆங்கிலேயக் கம்பனியாகவும் இருக்கலாம். எனவே நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் வண்டியின் இலக்கத்துக்கான பதிவு விவரத்தைப் பெற்று, அதில் உள்ள உரிமையாளர் தொடங்கி இன்று விற்பவர் வரை எழுத்து மூலமான கைமாற்றம் அறுபடாமல் வருகிறதா என்று பாருங்கள். தோட்ட அதிகாரி நல்லவராக இருக்கலாம். ஆனால் வண்டி கம்பனியின் சொத்தாயின், கம்பனியின் எழுத்து மூலமான தீர்மானம் இல்லாமல் அவர் கையெழுத்துக்குப் பெறுமதி இல்லை. கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தோடு கைகைமாறி வரும் ‘ஓபன் பேப்பர்’ வண்டியென்றால், கையெழுத்திட்டவர் உயிரோடு இருக்கிறாரா என்பதிலிருந்து விசாரணையைத் தொடங்க வேண்டும். வருமான அனுமதிப்பத்திரம் கடைசியாக எந்த ஆண்டு எடுக்கப்பட்டது, நிலுவை உண்டா என்பதையும் பிரதேச செயலகத்தில் கேட்டறிந்து, அதை யார் செலுத்துவது என்று விலை பேசும்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்ததாக, புத்தகத்தில் உள்ள இலக்கங்களை வண்டியில் உள்ள இலக்கங்களோடு நீங்களே ஒப்பிட வேண்டும். இந்த வகை லேண்ட் ரோவரில் அடிச்சட்ட இலக்கம், வலப்பக்க முன்சில்லுக்கு முன்னால் ஸ்பிரிங் பட்டை தொங்கும் கொம்பில் பொறிக்கப்பட்டிருக்கும். அரை நூற்றாண்டுச் சேற்றையும் பூச்சையும் கம்பித் தூரிகையால் தேய்த்தெடுத்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். 1960களில் பெரும்பாலும் வந்த இரண்டாம் தொடர் ‘ஏ’ வகையின் (Series IIA) பெற்றோல் 109, வலப்பக்கச் சுக்கானோடு ஏற்றுமதிக்காகச் செய்யப்பட்டதாயின், இலக்கம் 252 என்று தொடங்கும். 242 என்றிருந்தால் அது 88 அங்குலக் குட்டை வண்டியின் இலக்கம். நீட்டிய வண்டியில் அதைக் கண்டால் இரண்டு வண்டிகளை ஒன்றாக்கியிருக்கிறார்கள் என்று ஐயப்பட வேண்டும். எந்தத் தொடர் என்பதை ஓட்டிப் பார்த்தும் ஊகிக்கலாம்: 1971 இல் வந்த மூன்றாம் தொடரில் முன்செல்லும் நான்கு கியர்களும் உரசாமல் விழும், அதற்கு முந்தியதில் முதலாம், இரண்டாம் கியர்களைப் போட கிளச்சை இருமுறை மிதிக்கும் இரட்டைக் கிளச் பழக்கம் வேண்டும். ஆனால் கியர்ப்பெட்டியும் மாற்றப்பட்டிருக்கக்கூடும் என்பதால் இலக்கத்தையே இறுதிச் சான்றாகக் கொள்ளுங்கள்.

இனி அடிச்சட்டம். லேண்ட் ரோவரின் உடல் அலுமினியக் கலவை; போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் உருக்குத் தட்டுப்பாடு இருந்ததால் 1948 இல் அவ்வாறு செய்தார்கள். அதனால் வெளியே பார்க்க வண்டி எப்போதும் உள்ளதைவிட நலமாகத் தோன்றும். துரு பிடிப்பது உள்ளே இருக்கும் இரும்பில்தான்: பெட்டி வடிவ அடிச்சட்டத்தில், குறிப்பாக அதன் பின்புறக் குறுக்குச் சட்டத்திலும் உடலைத் தாங்க வெளியே நீளும் பக்கவாட்டுக் கைகளிலும், பின்னர் எஞ்சினுக்கும் இருக்கைக்கும் இடையிலான இரும்புச் சுவரில், அதுவும் கால் வைக்கும் குழிகளிலும் கதவுத் தூண்களின் அடியிலும். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் அலுமினியம் வெள்ளைத் தூளாகப் பொரிந்து போகும். சிறிய சுத்தியல் ஒன்றைக் கொண்டு போய், சட்டத்தின் அடிப்பக்கத்தை ஓரத்திலிருந்து ஓரம் வரை தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும். புதிதாகத் தார் பூசப்பட்ட அடிப்பாகத்தை நான் நம்புவதில்லை, நீங்களும் நம்ப வேண்டாம். புட்டி பூசி மறைத்த இடத்தைக் கண்டுபிடிக்கக் காந்தம் வைத்துப் பார்க்கும் வழக்கமான சோதனை அலுமினிய உடலில் எதையும் சொல்லாது.

குறுக்குச் சட்டத்தையும் பக்கக் கைகளையும் வெட்டி ஒட்டலாம். அது சாதாரண வேலை. நீளச் சட்டமே ஓட்டையாயின், இங்கிலாந்தில் நாகமுலாம் பூசிய புதிய அடிச்சட்டங்கள் இன்றும் விற்பனையில் உள்ளன என்றாலும், இலக்கம் பொறித்த பகுதியை வெட்டி எறிவதற்கு முன் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்காவிட்டால், அழகாகத் திருத்திய வண்டி சட்டத்தின் கண்ணில் வேறு வண்டியாகிவிடும். அத்தகைய வண்டியை முதல் முறை வாங்குபவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2286 கன சென்ரிமீற்றர் கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சின் முரட்டுத்தனமானது, பொறுமையானது. நெடுங்காலம் நின்றதை பெட்டரி கட்டி உடனே சுழற்ற வேண்டாம். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு, முன்னால் செருகும் கைப்பிடியால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. பெட்டரி கட்டும்போது ஒரு கவனம்: 1960களின் பெரும்பகுதியில் வந்த வண்டிகளில் பெட்டரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய வழக்கப்படி எதிர்முனையை இணைத்தால் டைனமோ, வயரிங் எல்லாவற்றோடும் வம்பு.

கொழும்புக்கு அதை லொறியில் ஏற்றி வாருங்கள். எஞ்சின் ஓடினாலும் ஓட்டி வர வேண்டாம், ஏனெனில் மலையிறக்கத்தில் உங்களுக்கு வேண்டியது பிரேக்தான். வேலையைப் பிரேக்கிலிருந்தே தொடங்குங்கள். நான்கு சில்லுகளிலும் டிரம் பிரேக். சில்லுச் சிலிண்டர்கள் உள்ளே துருவேறி இறுகியிருக்கும், இறப்பர் குழாய்கள் வெளியே நலமாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும், ஆகவே அவை அனைத்தையும் மாற்றிவிடுங்கள். பழைய பிரேக் பட்டைகளில் கல்நார் இருந்தது என்பதால் டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசைப் பறக்கவிடாமல், ஈரத்துணியால் துடைக்கும்படி வேலை செய்யும் பாஸிடம் உறுதியாகச் சொல்லுங்கள்; நம் கராஜ்களில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அடுத்து எரிபொருள் தாங்கி, ரேடியேட்டர், பின்னர் வயரிங். பஞ்சிகாவத்தையில் பழைய தோட்ட வண்டிகளின் சாமான் தெரிந்த வயதான கடைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். கழற்றிய பாகத்தைக் கையில் கொண்டு போய்க் காட்டுங்கள், பெயர் சொல்லிக் கேட்டால் பொருந்தாத ஒன்றோடு திரும்ப நேரும். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு பகுதியையும் படமெடுத்து, வயர்களில் துண்டுக் காகிதம் கட்டிவிடுங்கள். முழு வண்டியையும் ஒரே நேரத்தில் பிரித்துப் போட்ட வேலைகள் பெரும்பாலும் பிரித்த நிலையிலேயே விற்பனைக்கு வருகின்றன.

நிறப்பூச்சு கடைசி வேலை. அலுமினியத்தில் சாதாரண அடிப்பூச்சு நிற்காது. உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் அமில அடிப்பூச்சு வேண்டும். தட்டையான பலகைகளில் இருக்கும் நெளிவுகளையெல்லாம் புட்டி பூசி மறைக்காமல் விடுவதே என் விருப்பம். கொழுந்துக் கூடை இடித்த நெளிவு அந்த வண்டிக்கு உரியது. கண்ணாடிபோல் மினுக்கிய தோட்ட பிக்கப்பைப் பார்த்தால் எனக்கு அது வேடம் போட்டதாகவே தோன்றுகிறது.

வினா: இத்தனை சிரமப்படாமல் நல்ல நிலையில் உள்ள ஒன்றை இங்கிலாந்திலிருந்தே இறக்குமதி செய்ய முடியாதா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

விடை: 2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் திறந்துவிடப்பட்டது என்பது உண்மை. ஆனால் பயன்படுத்திய வாகனங்களுக்கு வயது வரம்பு இருப்பதால் அறுபது ஆண்டுப் பழைய வண்டி சாதாரண வழியில் வந்து பதிவாகாது. நாட்டுக்குள் ஏற்கெனவே பதிவான வண்டியை வாங்கி, வேண்டிய உதிரிப்பாகங்களை மட்டும் வரவழையுங்கள். பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டித் தருவதாக யாராவது சொன்னால், பதிவு யார் பெயரில் எந்த இலக்கத்தில் வரும் என்று கேளுங்கள்.

வினா: சாவகச்சேரியில் என் மாமாவிடம் மொரிஸ் மைனர் பிக்கப் ஒன்று உள்ளது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியது. இப்போது கொழும்புக்குக் கொண்டுவந்து திருத்த விரும்புகிறேன். எஞ்சினை மாற்றிவிட வேண்டுமா?
— வாசகி, தெஹிவளை

விடை: மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். 1990களில் யாழ்ப்பாணத்தில் சில துளி பெற்றோலைக் காபரேட்டருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள் என்பது அந்தத் தலைமுறைக்குத் தெரிந்த கதை. வண்டிகள் ஓடின, ஆனால் விலை கொடுத்தே ஓடின. மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாததால் எரியாத பகுதி சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். அதன் பலன் தேய்ந்த சிலிண்டர்களும் தேய்ந்த பேரிங்குகளும். மேலே, வால்வுகளைச் சுற்றித் தடித்த கரி. தீப்பொறி நேரத்தையும் அக்காலத்தில் பின்தள்ளி வைத்திருப்பார்கள், அதை யாரும் திரும்பச் சரிசெய்யாமல் இருந்திருக்கலாம். ஆகவே முதலில் எண்ணெயை மாற்றி, தீப்பொறி நேரத்தைப் பெற்றோலுக்கு ஏற்ப அமைத்து, நான்கு சிலிண்டர்களிலும் அமுக்கத்தை அளக்கச் சொல்லுங்கள். அமுக்கம் சமமாகவும் போதியதாகவும் இருந்தால் சிலிண்டர் தலையைக் கழற்றிக் கரி எடுப்பதோடு முடியும். எல்லாவற்றிலும் குறைவாகவோ ஒன்றுக்கொன்று பெரிய வேறுபாட்டுடனோ இருந்தால் லேத் பட்டறையில் சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடலாம். இந்த எஞ்சினுக்குப் பாகங்கள் கிடைப்பதில் குறையில்லை. தலை கழற்றியிருக்கும்போதே வெளியேற்று வால்வுகளுக்குக் கடின உலோக இருக்கை போட்டுவிடுங்கள்: 2002 முதல் இங்கு விற்கும் பெற்றோலில் ஈயம் இல்லை, பழைய வார்ப்பிரும்புத் தலைகளில் அந்த இருக்கைகளைத் தேயாமல் காத்தது ஈயம்தான்.

எஞ்சினைவிட நான் அஞ்சுவது முன்சில்லுகளைத் தாங்கித் திருப்பும் முளைகளையே (trunnion). மொரிஸ் மைனரில் அவற்றுக்கு ஒழுங்காகக் கிரீஸ் அடிக்காவிட்டால் கீழ்மூட்டு தேய்ந்து கழன்று, ஓடும்போதே சில்லு மடிந்துவிடும். ஏ9 வீதியில் ஓட்டி வரும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். கார் வகையைப் போலன்றி பிக்கப்புக்குத் தனி அடிச்சட்டம் உண்டு, அதையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். உடல் இரும்பு என்பதால் இங்கே காந்தச் சோதனையும் பயன்படும்.

வினா: என்னிடமுள்ள லேண்ட் ரோவரில் முன்னைய உரிமையாளர் ஜப்பானிய டீசல் எஞ்சின் ஒன்றைப் பூட்டியிருக்கிறார். மீண்டும் பழைய பெற்றோல் எஞ்சினைத் தேடிப் பூட்டுவது நல்லதா?
— வாசகர், வத்தளை

விடை: மாற்றிய எஞ்சினும் எரிபொருள் வகையும் புத்தகத்தில் ஏறியிருந்து, பூட்டிய வேலையும் ஒழுங்காக இருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நாட்டில் ஓடும் பழைய லேண்ட் ரோவர்கள் பல அவ்வாறுதான் உயிரோடு இருக்கின்றன. புத்தகத்தில் ஏறாவிட்டால் முதலில் அதைப் பதிவு செய்யுங்கள். விபத்தொன்று நேர்ந்தால் காப்புறுதிக் கம்பனி முதலில் பார்ப்பது எஞ்சின் இலக்கத்தைத்தான். அதிக வலுவுள்ள எஞ்சினைப் பூட்டிவிட்டுப் பழைய டிரம் பிரேக்கை அப்படியே விட்டிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

வினா: பழைய பெற்றோல் லேண்ட் ரோவருக்கு 95 ஒக்டேன் அவசியமா?
— வாசகர், மட்டக்குளி

விடை: இல்லை. அதன் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று அல்லது எட்டுக்கு ஒன்று, 92 போதும். மிச்சமாகும் பணத்தில் எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுங்கள்.