விடுதலைக்குப் பின் போலீஸ் மீது இழப்பீட்டு வழக்கு: காலக்கெடு முக்கியம்

மூன்று நாள் ஸ்டேஷனில், பிறகு நாற்பது நாள் சிறை, எட்டு மாதத்துக்கு முன் வழக்கிலிருந்து விடுதலைத் தீர்ப்பு; போலீஸிடம் இழப்பீடு கேட்க முடியுமா என்கிறீர்கள். இந்தியச் சட்டப்படி சட்டவிரோதக் காவலுக்கு ஒன்று, பொய் வழக்குக்கு ஒன்று என இவை இரண்டு தனித்தனி வழக்குகள். காலம் ஓடுவதும் தனித்தனியாகத்தான்.

சட்டவிரோதக் காவலுக்குக் கெடு, காவல் முடிந்த நாளிலிருந்து ஓராண்டு (காலவரையறைச் சட்டம் 1963, பிரிவுக்கூறு 73). வழக்கு விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுத்திருந்தால் அந்தக் கெடு முடிந்துவிட்டது. பொய் வழக்குக்கு விடுதலைத் தீர்ப்பு வந்த நாளிலிருந்து ஓராண்டு (கூறு 74). உங்களுக்கு நான்கு மாதம் மிச்சம். வழக்குப் போடும் முன் அரசுத் தரப்புக்கு அனுப்ப வேண்டிய உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80ஆவது பிரிவு நோட்டீஸுக்கே இரண்டு மாதம் போகும். அந்த இரண்டு மாதம் கெடுக் கணக்கில் சேராது என்றாலும் நம்பி உட்காராதீர்கள். இந்த வாரமே அனுப்புங்கள். சில மாநிலப் போலீஸ் சட்டங்களில் கெடு இன்னும் குறைவு, வக்கீலிடம் முதலில் அதைக் கேளுங்கள்.

பலர் தோற்பது இங்கேதான்: விடுதலைத் தீர்ப்பு மட்டும் போதாது. நியாயமான காரணமின்றி, தீய நோக்கோடு வழக்குப் போட்டார்கள் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். 'சந்தேகத்தின் பலனை அளித்து' என்று தீர்ப்பில் இருந்தால் கடினம். 'சாட்சியம் புனையப்பட்டது' என்றிருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ரிமாண்டுக்குப் பிந்தைய நாற்பது நாள் மாஜிஸ்திரேட் உத்தரவால் வந்தது. அதைச் சட்டவிரோதக் காவலில் சேர்க்காமல், பொய் வழக்கின் நஷ்டமாகக் கேளுங்கள். 24 மணி நேரத்தைத் தாண்டிய ஸ்டேஷன் காவலுக்கு உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின் கீழ் ரிட் மனுப் போடலாம். ருதுல் ஷா வழக்கில் (1983) உச்ச நீதிமன்றம் ரிட்டிலேயே இழப்பீடு தந்தது. ஆனால் ரிட் போடத் தாமதித்ததற்குக் காரணம் சொல்ல வேண்டிவரும்.

முதல் தகவல் அறிக்கை, கைது குறிப்பாணை, ரிமாண்ட் உத்தரவு, தீர்ப்பு எல்லாவற்றுக்கும் சான்றிட்ட நகலுக்கு இன்றே மனுப் போடுங்கள். வக்கீல் கட்டண ரசீது, சம்பளம் பிடித்த சான்றும் வேண்டும்.