அந்தக் கையெழுத்தை இப்போது போடாதீர்கள்

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். எனக்கு வயது 53. மகள் பயாலஜி பட்டம் முடித்தாள், ஜி.பி.ஏ. (நாலுக்கான மார்க் சராசரி) 2.7, மெடிக்கல் நுழைவுத் தேர்வான எம்கேட்டில் 498. இரண்டு வருடமாக முப்பது முப்பது மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பித்தும் ஒரு இன்டர்வியூகூட வரவில்லை. அந்தச் செலவுக்கு என் ஓய்வுக்காலச் சேமிப்பான 401(கே)-யிலிருந்து 12,000 டாலர் கடன் எடுத்தேன். இப்போது மெடிக்கல் சேர விரும்புபவர்களுக்கான ஒரு வருட ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் படித்தால் சீட் உறுதி என்கிறாள். செலவு 55,000. ஃபெடரல் கடன் போக 35,000 டாலருக்குத் தனியார் கடன், 11 சதவீத வட்டி. நான் கோ-சைன் செய்ய வேண்டும், அதாவது அவள் கட்டாவிட்டால் நான் கட்டுவதாகக் கையெழுத்து. மைத்துனர் கரீபியன் தீவு மெடிக்கல் கல்லூரியில் சேர்த்துவிடச் சொல்கிறார். கையெழுத்துப் போடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் மகளால் டாக்டராக முடியாது என்று நான் சொல்லவில்லை. முதல் சுற்றில் எடுபடாத அதே மார்க் பட்டியல்தான் இரண்டாம் சுற்றிலும் போயிருக்கிறது. மார்க் மாறுவதற்கு முன்னாலேயே பணத்தைக் கட்டிவிடுவது உங்கள் வீட்டில் பழக்கமாகிவிட்டது. அதைத்தான் நிறுத்த வேண்டும்.

நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சி மைனஸ், திரும்ப எடுத்ததில் சி பிளஸ். எம்.டி. (அமெரிக்காவில் அடிப்படை டாக்டர் பட்டம்) விண்ணப்பங்களைக் கையாளும் ஆம்காஸ் அமைப்பு இரண்டையும் சேர்த்தே கணக்கிடும். இன்னொரு டாக்டர் பட்டமான டி.ஓ. (ஆஸ்டியோபதி) கல்லூரிகளுக்கு, திரும்ப எடுத்த மார்க்கை மட்டும் கணக்கிடும் சலுகை இருந்தது; அதுவும் 2017-லேயே போய்விட்டது. மாஸ்டர்ஸில் நாலுக்கு நாலு எடுத்தாலும் அது தனி வரியில்தான் வரும், பழைய 2.7 அசையாது. 3.0-க்குக் கீழே இருக்கும் விண்ணப்பத்தைப் பல கல்லூரிகளில் யாரும் படிப்பதுகூட இல்லை. "சீட் உறுதி" என்று யார் சொன்னாலும் அதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

இப்போது கணக்கு. 120 கிரெடிட்டில் 2.7 என்றால் 324 புள்ளி. இன்னும் 36 கிரெடிட், எல்லாம் ஏ (கிரெடிட்டுக்கு 4 புள்ளி) என்றால் மொத்தம் 468 புள்ளி. 156-ஆல் வகுத்தால் சரியாக 3.0. அரசுப் பல்கலைக்கழகத்தில் பகுதி நேர போஸ்ட்-பேக்காக, அதாவது பட்டத்துக்குப் பிறகு எடுக்கும் இளநிலைப் பாடங்களாக, இதைப் படிக்கலாம். கிரெடிட்டுக்கு 500 டாலர் என்று வைத்தாலும் 18,000. இரண்டு வருடத்தில் மாதம் 750. அவள் வேலைக்குப் போய்க்கொண்டே பாதியைக் கட்டட்டும், மீதி உங்களுடையது. கடனே வேண்டாம். கடைசி இரண்டு வருடம் முழுக்க ஏ என்பது, மொத்த சராசரியைவிட அதிகமாகப் பேசும். எம்கேட்டை அதற்குப் பிறகு எழுதட்டும்; வாழ்நாளில் ஏழு முறைதான் அனுமதி. 3.0-ஐத் தொட்ட பிறகும் கதவு திறக்காவிட்டால் அப்போது மாஸ்டர்ஸைப் பற்றி யோசிக்கலாம்.

அந்தத் தனியார் கடனுக்கு வருட வட்டி மட்டும் 3,850. மாஸ்டர்ஸ் ஒரு வருடம், மெடிக்கல் நாலு வருடம் கட்டாமல் விட்டால் 35,000 என்பது 54,000-த்தைத் தாண்டும். சீட் கிடைக்காவிட்டால் அது உங்கள் தலையில். கிடைத்தால்தான் உங்கள் கையெழுத்து நிஜமாகத் தேவைப்படும். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற ஃபெடரல் கடன் கிடையாது. மெடிக்கல் மாணவருக்கு ஃபெடரல் கடன் வருடம் 50,000, மொத்தம் 2,00,000 டாலரோடு நின்றுவிடும். பல கல்லூரிகளில் அது போதாது. மீதிக்கு வங்கி உங்களைத்தான் தேடும். அன்று உங்கள் கடன் வரலாறு சுத்தமாக இருக்க வேண்டும்.

மைத்துனர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் 2024-இல் ரெசிடென்சி மேட்ச்சில் (டாக்டர்களுக்கு மருத்துவமனைப் பயிற்சி இடம் ஒதுக்கும் முறை) அமெரிக்க எம்.டி. இறுதியாண்டு மாணவர்களில் சுமார் 93 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. கரீபியன் உட்பட வெளிநாட்டில் படித்த அமெரிக்கர்களில் 67 சதவீதம் பேருக்குத்தான். நடுவிலேயே படிப்பை விட்டவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. அவர்களுடைய கடன் மட்டும் இருக்கிறது.

401(கே)-யில் இனிக் கை வைக்காதீர்கள். இப்போது வேலை போனால், பாக்கியைக் குறித்த காலத்துக்குள் கட்டாவிட்டால் அது வருமானமாகிவிடும். வரியோடு 10 சதவீத அபராதமும் சேரும்.

வரும் செமஸ்டரில் பயோகெமிஸ்ட்ரி, ஃபிசியாலஜி இரண்டு மட்டும் எடுக்கட்டும். இரண்டிலும் ஏ வந்த பிறகு அடுத்த செமஸ்டருக்குக் கட்டுங்கள். வராவிட்டால், எதில் தடுக்கிறது என்று அவளை உட்காரவைத்துக் கேளுங்கள், பணம் எதுவும் கட்டாமல்.